வாரம் இருமுறை வரும் அழைப்பு: தனித்து வாழும் முதியோருக்கான தொலைபேசிச் சேவை ஒன்றின் மதிப்பீடு

கொழும்பு வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரும் சேர்ந்து 2020 ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய தொலைபேசிச் சேவை ஒன்று இன்றும் நடைபெற்று வருகின்றது. தனித்து வாழும் முதியவர் ஒருவரை வாரத்தில் இரண்டு நாட்கள், முன்கூட்டியே சொல்லிவைத்த நேரத்தில், எப்போதும் ஒரே தொண்டர் அழைத்து அரை மணி நேரம் வரை பேசுவார். சேவை இவ்வளவுதான். கட்டணம் கிடையாது, கைத்தொலைபேசியில் எதையும் பதிவிறக்கத் தேவையில்லை, சேர்வதற்கான படிவமும் ஒரு பக்கத்துக்கு மேற்பட்டதன்று. தொண்டர்களின் தொகை குறைவாக இருக்கும்போது விண்ணப்பங்கள் குவிந்தால், ஏற்கெனவே பேசிவரும் முதியவர்களைக் கைவிட நேரிடும் என்று நடத்துநர்கள் அஞ்சுகிறார்கள். அதனால் தங்கள் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள். அந்த அச்சம் நியாயமானது என்பதால் பெயரைத் தவிர்த்து, சேவையின் தன்மையை மட்டும் எழுதுகின்றேன். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் தனித்து வாழும் என் தாயாரும், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு கிராமத்தில் வாழும் அவருடைய தமக்கையாரும் இந்தச் சேவையைப் பெற்றவர்கள். ஒரே சேவை கொழும்பில் ஒருவிதமாகவும் கிராமத்தில் வேறுவிதமாகவும் பயன்பட்டதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது மிக நல்ல சேவை, ஆனால் கிராமத்து முதியவர்களுக்கு இது முழுமையாகப் பயன்பட வேண்டுமானால் தொலைபேசிக்கு அப்பாலும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

சேவை எதற்காகத் தோன்றியது என்பதை விளங்கிக்கொள்ள, 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதற்குப் பின்னர் வந்த வாரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் மே மாதம் 26 ஆம் திகதி வரையில் ஊரடங்கு தொடர்ந்து நீடித்தது. ஒக்டோபரில் இரண்டாவது அலை எழுந்தபோது கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி முதலிய பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எனக்கு வெள்ளவத்தை அப்போது எட்டாத ஊராகிவிட்டது. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் நாடு மூடப்பட்டது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். நோயினால் உயிராபத்து அதிகம் என்பதால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டாமென்று எல்லாரைக் காட்டிலும் அழுத்தமாகச் சொல்லப்பட்டவர்களும் அவர்களே. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னரும் பிள்ளைகளின் பயம் பெற்றோரைப் பல மாதங்கள் உள்ளேயே வைத்திருந்தது.

வெள்ளவத்தை முதியவர்களின் நாளாந்த வாழ்வு மிகச் சில இடங்களைச் சுற்றியே அமைந்தது. அதிகாலையில் கடற்கரை வீதியில் நடை, வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயில், காலி வீதியில் மரக்கறி வாங்கும் சாக்கில் நான்கு பேருடன் பேச்சு, 57 ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகம், மாலையில் அங்கு ஒரு கூட்டம் என்று அது நடந்தது. 1942 இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் நூலகத்துக்குப் பலர் புத்தகத்துக்காக மட்டும் போவதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ஊர்ப்புதினம் கேட்பதற்காகவும் போவார்கள். இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுபோயின. தொடர்மாடியில் வாழ்பவருக்கு அயல் என்பது மூடிய கதவுகள் நிறைந்த ஒரு நடைபாதை. எதிர்வீட்டாரின் பெயர் தெரியும், முகம் தெரியும். ஆனால் கதவைத் தட்டிக் கதைக்கும் பழக்கம் இல்லை. கொரோனா அந்தத் தயக்கத்துக்கு மேலும் ஒரு காரணத்தைக் கொடுத்தது. அரச வைத்தியசாலைக் கிளினிக் மருந்துகளைத் தபால் ஊழியர்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுத்த அந்த நாட்களில், பல முதியவர்கள் நேரில் கண்ட மனித முகம் தபாற்காரருடையது மட்டுமே.

கிராமத்தின் நிலைமை வேறு. பெரியம்மாவின் வளவுக்கு ஒரு வேலி உண்டு. வேலிக்கு அப்பால் ஒரு குடும்பம் உண்டு. ஊரடங்கு நாட்களிலும் அந்த வேலிக்கு மேலால் மீன் குழம்பும் முருங்கைக்காயும் கைமாறின. பார்த்துக்கொள்ள ஆட்கள் இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கிராமத்து முதியவர்களைச் சமூகத்தோடு பிணைத்திருப்பவை செத்தவீடு, அந்தியேட்டி, கோயில் திருவிழா, சனசமூக நிலையத்து வாசிகசாலை என்பன. செத்தவீட்டுக்குப் போவது அவர்களுக்குக் கடமை மட்டுமன்று. தாங்கள் இன்னும் அந்த ஊராருள் ஒருவர் என்பதை எல்லோரும் காணும் இடமும் அதுவே. கூடப் படித்தவர் இறந்தார் என்ற செய்தி வந்தும் படலையைத் தாண்ட முடியாமற்போனது பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு ஆறாத குறையாக இருந்தது. இலண்டனிலிருந்து ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வரும் மகன் இரண்டு ஆண்டுகள் வரவில்லை. கொழும்பிலே என் தாயாருக்கு இல்லாமற்போனது பேச்சுத்துணை; கிராமத்திலே பெரியம்மாவுக்கு இல்லாமற்போனவை துக்கத்தையும் கொண்டாட்டத்தையும் ஊரோடு பகிரும் சந்தர்ப்பங்களும், தூரத்துப் பிள்ளையின் வருகையும். இரண்டையும் தனிமை என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு அப்படியே பொருந்துவதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் வைஸ் 1973 இலேயே இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்கின்றார்: பழகுவதற்குப் போதிய ஆட்கள் இல்லாதது ஒருவகைத் தனிமை, ஆட்கள் சூழ இருந்தும் மனத்துக்கு மிக நெருங்கிய ஒருவர் இல்லாதது இன்னொரு வகை. 2020 மே மாதத்தில் நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 1,679 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வும் இதையே தொட்டது. அங்கே முதியவர்களின் தனிமையுணர்வு கூடியிருந்தது. ஆனால் பொதுவான மனநலம் ஏறத்தாழ முன்பிருந்தபடியே இருந்தது. நெருங்கியவர்களின் இழப்பு, நோயைப் பற்றிய கவலை, பொது நிறுவனங்களின் மேல் நம்பிக்கை குறைதல் ஆகியவை உள்ளத்தளவிலான தனிமையோடு தொடர்புற்றிருந்தன. முதியவர்கள் நொறுங்கிப்போகவில்லை, ஆயினும் ஏங்கினார்கள் என்று அந்த முடிவை நான் வாசிக்கின்றேன். என் குடும்பத்துப் பெண்கள் இருவரிடமும் நான் கண்டது இதுதான். அவர்களுக்கு மனநோய் எதுவும் இருக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒழுங்காக வரும் ஒரு மனிதத் தொடர்பு.

சேவையில் சேரும்போது ஒருங்கிணைப்பாளர் மூன்று கேள்விகள் கேட்கிறார்: பேச்சுத்துணை இல்லையே என்று எவ்வளவு தடவை தோன்றுகின்றது, மற்றவர்கள் உங்களை ஒதுக்கிவிட்டதாக எவ்வளவு தடவை தோன்றுகின்றது, எல்லோரிடமிருந்தும் பிரிந்து கிடப்பதாக எவ்வளவு தடவை தோன்றுகின்றது. 'அரிதாக', 'சிலவேளை', 'அடிக்கடி' என்ற மூன்று விடைகளுக்கு முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் உருவான தனிமை அளவுகோலின் சுருக்கமே இது. மொத்தப் புள்ளி மூன்றிலிருந்து ஒன்பது வரை அமையும். தொண்டர் சேவையொன்று தன் வேலையை இப்படி அளந்து பார்க்க முன்வந்தது பாராட்டுக்குரியது. அதே கேள்விகளைச் சில மாதங்களின் பின் மீண்டும் கேட்கிறார்கள். பயன் இல்லையென்று தெரிந்தால் தொண்டரையோ நேரத்தையோ மாற்றுகிறார்கள். கேள்விகளை வாசித்து ஒப்புவிக்காமல் பேச்சினூடே கேட்கவேண்டும் என்ற நியதியும் உண்டு. பிள்ளைகள் கவனிப்பதில்லை என்ற பொருள் வந்துவிடுமோ என்று அஞ்சி எங்கள் முதியவர்கள் இத்தகைய கேள்விகளுக்கு 'ஒரு குறையுமில்லை' என்றே பதில் சொல்வார்கள் என்பதை நடத்துநர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் காணொளி அழைப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் முதலில் நாடுவது அதைத்தான். வட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் நால்வர் மட்டுமே பேச முடியும் என்றிருந்த வரையறை 2020 ஏப்ரல் இறுதியில் எட்டுப் பேராக உயர்த்தப்பட்டது. எங்கள் குடும்பமும் பயன்பெற்றது. கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு பத்து மணியாகும்போது கொழும்பில் காலை ஏழரை மணி. ஞாயிறுதோறும் அந்த நேரத்தில் திரை நிறைய முகங்கள் தெரியும். பேரப்பிள்ளைகளின் வளர்ச்சியைக் கண்ணால் காண்பது பெரிய பாக்கியம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அழைப்புகளில் என் தாயார் பேசியது மிகக் குறைவு. 'அம்மா, சாப்பிட்டாச்சா? மருந்து எடுத்தீங்களா? வெளியில போகாதீங்க' என்ற மூன்று வாக்கியங்களோடு அவருடைய பங்கு முடிந்து, பிள்ளைகள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள். முதியோரின் தனிமையைக் காணொளி அழைப்பு குறைக்குமா என்று 2020 மே மாதத்தில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு விரைவு மதிப்பாய்வு ஒன்றை வெளியிட்டது. உலகம் முழுவதிலும் தேடி அவர்கள் கண்டெடுத்தவை மூன்று சிறிய ஆய்வுகளே. மூன்றும் தாய்வானில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்தவை. பங்குபற்றியோர் மொத்தம் 201 பேர். பயன் உண்டென்றோ இல்லையென்றோ உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. விலையுயர்ந்த டெப் ஒன்றை வாங்கி அனுப்பியவுடன் கடமை தீர்ந்தது என்று ஆறுதல் அடைவதற்கு அந்த ஆய்வுகள் இடம்தரவில்லை.

சாதாரணக் குரலழைப்புக்கு ஆதரவான சான்று இதைவிட வலுவானது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2020 யூலை முதல் செப்டெம்பர் வரை நடந்த ஆய்வொன்றில், வீட்டுக்கு உணவு கொண்டுசென்று கொடுக்கும் அமைப்பொன்றின் பயனாளிகள் 240 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் முதியவர்கள். ஒரு பிரிவினரை 17 முதல் 23 வயது வரையான 16 இளைஞர்கள் நான்கு வாரங்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். முதல் ஐந்து நாட்கள் நாள்தோறும் அழைப்பு. பின்னர் எத்தனை நாள் வேண்டுமென்பதை அழைக்கப்பட்டவரே தீர்மானித்தார். அந்த இளைஞர்கள் வைத்தியர்களோ உளவளத் துணையாளர்களோ அல்லர். பரிவுடன் உரையாடுவதற்குச் சுருக்கமான பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே. முன்னர் சொன்ன அதே மூன்று கேள்வி அளவுகோலில், அழைக்கப்பட்டவர்களின் தனிமை மற்றப் பிரிவினரோடு ஒப்பிடுகையில் சராசரியாக 1.1 புள்ளி குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும் தணிந்தன. ஆறு புள்ளி அகலமுள்ள அளவுகோலில், மருந்தோ செலவோ பெரிதாக இன்றி, நான்கு வாரத்தில் இப்படியொரு மாற்றம் கிடைப்பது சிறிய விடயமன்று.

வெள்ளவத்தைச் சேவையின் தொண்டர்களுக்கும் இதே போன்ற பயிற்சி உண்டு. ஆலோசனை சொல்லாதே, பேச்சை முடித்துவைக்க அவசரப்படாதே, சென்ற முறை அவர் சொன்னதை நினைவில் வைத்து இம்முறை அதைப் பற்றிக் கேள் என்பன அதன் சாரம். மூன்றாவது விதியே இந்தச் சேவையின் உயிர். என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்தவர். அவருக்கு அமைந்த மாணவி அவரை 'ரீச்சர்' என்றே அழைப்பார். இவர் அவரைப் 'பிள்ளை' என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை பாதியில் நின்ற கம்பராமாயணப் பாடலின் பொருளை வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை நினைவுபடுத்திக் கேட்டபோது, அடுத்த அழைப்புக்கு ஆயத்தம் செய்யவேண்டும் என்ற எண்ணம் தாயாருக்கு உண்டாயிற்று. அலுமாரியிலிருந்து பழைய உரைநூல்கள் வெளியே வந்தன. கண்ணாடி மாற்ற வேண்டுமென்று தாமாகவே சொன்னார். சுகம் விசாரிக்கப்படும் ஒருவராக மட்டும் இருந்தவர் மீண்டும் கற்பிக்கும் ஒருவரானார். முதியவரிடம் எதையாவது கேட்டுப் பெறுவது அவருக்குக் கொடுப்பதைக் காட்டிலும் மேலானது என்பதை இந்தச் சேவையினர் செயலில் அறிந்திருக்கிறார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் கேட்கும் கேள்விகள் யாவும் மருந்து, உணவு, பாதுகாப்பு என்று உடம்பைப் பற்றியனவாகவே இருந்தன.

நேர ஒழுங்கும் குறிப்பிடத்தக்கது. மாலை நான்கரை மணி என்றால் நான்கரை மணிதான்; தவறுவதானால் முதல் நாளே ஒருங்கிணைப்பாளர் அறிவித்துவிடுவார். நாட்கள் ஒன்றோடொன்று கலந்து கிழமை மறந்துபோன ஊரடங்குக் காலத்தில், செவ்வாயும் வெள்ளியும் வேறு நாட்களாகத் தெரிந்ததே பல முதியவர்களுக்குப் பேருதவியாக இருந்தது. எங்கள் நாட்டில் அழைப்பை ஏற்பவருக்குச் செலவு இல்லை; அவசரமாகப் பேச விரும்பினால் முதியவர் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் போதும், ஒருங்கிணைப்பாளர் திருப்பி அழைப்பார். ரீலோட் செய்யத் தெரியாதவர்களுக்கு இது பெரிய வசதி.

கிராமத்தில் அனுபவம் இவ்வளவு சீராக இருக்கவில்லை. பெரியம்மாவிடம் இருந்தது பட்டன் போன். வீட்டுக்குள் சமிக்ஞை நிற்காது. முற்றத்தில் முருங்கை மரத்தடிக்கு வந்தால்தான் குரல் தெளிவாகக் கேட்கும். மழைக்காலத்தில் பல அழைப்புகள் பாதியிலே அறுந்தன. அதைக் காட்டிலும் முக்கியமான குறை வேறொன்று. அழைத்த மாணவர் கொழும்பிலே பிறந்து வளர்ந்தவர். பண்பாக, பொறுமையாகப் பேசினார். ஆனால் பெரியம்மா பேச விரும்பியது ஊர்மனிதர்களைப் பற்றி: யார் காணி யாருக்குப் போயிற்று, தேர் இழுக்க இம்முறை எத்தனை பேரை விட்டார்கள், இன்னாருடைய அந்தியேட்டி எப்படி நடந்தது என்பன. அந்தப் பெயர்கள் எதுவும் அந்தத் தம்பிக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் உறவுமுறை சொல்லி விளங்கப்படுத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும். 'நல்ல பெடியன், ஆனா அவனுக்கு ஊர் தெரியாது' என்று பெரியம்மா சொன்னதை ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்தேன். அவர் செய்த மாற்றம் எனக்கு மிகுந்த மதிப்பை ஏற்படுத்தியது. அந்தப் பகுதிச் சனசமூக நிலையத்தோடு பேசி, உயர்தர வகுப்பு மாணவி ஒருவரை ஏற்பாடு செய்தார். வாரத்தில் ஒருநாள் அவர் முகக்கவசத்தோடு படலைக்கு வெளியே நின்று பேசினார். மற்ற நாள் தொலைபேசியில் அழைத்தார். சங்கக்கடையிலிருந்து சாமான் வாங்கிவரும்போது ஊர்ப்புதினமும் சேர்ந்து வந்தது. இறந்தவர் வீட்டுக்குப் பெரியம்மா சொல்லி அனுப்பிய துக்கச் செய்தியை அந்தப் பிள்ளை நேரில் கொண்டுபோய்ச் சொல்லி, அவர்கள் சொன்ன பதிலைத் திரும்பக் கொண்டுவந்தார். பெரியம்மாவின் மனம் ஆறத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஆயினும் இந்த ஏற்பாடு சேவையின் பொதுவிதியாக இன்னும் ஆகவில்லை என்பதே என் முதன்மையான குறை. குறை சொல்ல ஒருவர் இருந்த இடத்தில் அது நடந்தது. இல்லாத இடங்களில் கொழும்பிலிருந்து போகும் அழைப்பே தொடர்கிறது. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் உள்ள முதியவர்களைச் சேர்க்கும்போது, உள்ளூரில் ஒரு துணையாளரை முதலிலேயே கண்டுபிடித்த பின்னர்தான் அழைப்பைத் தொடங்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் முதியோர் சங்கம் அமைக்கும் நடைமுறை நாட்டில் ஏற்கெனவே உள்ளது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றது. இவற்றோடு கைகோத்தால் புதிதாக எதையும் உருவாக்கவேண்டியதில்லை. மலையகத் தோட்டங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. லயன் அறையில் குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசிதான். அது வேலைக்குப் போகும் மகனின் சட்டைப்பையில் இருக்கும். பகல் முழுவதும் தனியே இருக்கும் முதியவருக்கு மாலை நான்கரை மணி அழைப்பு போய்ச் சேராது. இரவு ஏழு மணிக்குப் பின் அழைக்கும் தொண்டர்கள் தேவை. தற்போது அப்படி எவரும் இல்லை.

தொண்டர் மாறுவது அடுத்த குறை. பல்கலைக்கழகங்கள் மீண்டும் திறந்ததும், 2022 பொருளாதார நெருக்கடியில் பல இளைஞர்கள் வெளிநாடு சென்றதும் பழகிய குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக அகற்றின. என் தாயாரின் மாணவி விடைபெற்றபோது அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகளைப் பிரிந்த முதியவருக்கு இன்னொரு பிரிவை நாமே உண்டாக்குகிறோமா என்ற கேள்வியைச் சேவையினர் பாரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது பழைய தொண்டரும் புதியவரும் சில வாரங்கள் ஒரே அழைப்பில் சேர்ந்து பேசி, பின்னர் பழையவர் விலகும் முறை வந்திருக்கின்றது. நல்ல திருத்தம், ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கூடுதலாக அழைப்பாளர்களாக்கினால் இன்னும் நிலையாக இருக்கும் என்று எண்ணுகின்றேன்.

ஆண்களைப் பற்றியும் கவலையுண்டு. விண்ணப்பிப்போரில் பெண்களே மிகுதி என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். மனைவியை இழந்த ஆண்கள் 'எனக்கு ஏன் இது' என்று மறுத்துவிடுகிறார்கள். ஏற்றவர்களும் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள். அன்றைய பத்திரிகையை வாசித்து அரசியல் பேச ஒருவர் அழைப்பார் என்று சொன்னால் பலர் சம்மதிக்கக்கூடும். காது மந்தமானவர்களுக்கு இந்தச் சேவையால் ஏறக்குறையப் பயனே இல்லை. காணொளி அழைப்பில் உதட்டசைவையாவது பார்க்கலாம் என்பதால், அவர்களுக்கு மட்டும் அதுவே பொருந்தும்.

பாதுகாப்பில் சேவையினர் கண்டிப்பாக இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு, அடையாள அட்டை இலக்கம், நகை, காணி உறுதி பற்றித் தொண்டர் பேசக்கூடாது. முதியவர் தாமே பேச்செடுத்தாலும் குறித்துக்கொள்ளக் கூடாது. குரலில் மிகுந்த சோர்வோ சாவைப் பற்றிய பேச்சோ தென்பட்டால் அன்றே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்கவேண்டும். அவர் குடும்பத்தாரோடும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தோடும் தொடர்பை ஏற்படுத்துவார். 1974 முதல் இந்நாட்டில் மனந்தளர்ந்தோரின் துயரைக் கேட்டுவரும் சுமித்ரயோ அமைப்பின் இலக்கமும் தொண்டர் ஒவ்வொருவரிடமும் உண்டு. உடல்நிலை மோசமானால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். தங்கள் வேலையின் எல்லையை இவ்வளவு தெளிவாக அறிந்த தொண்டர் குழுவை நான் அதிகம் கண்டதில்லை. அழைப்புகளைப் பற்றிய குறிப்பேட்டை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதை மட்டும் எழுத்தில் தந்தால் நல்லது.

தொற்று ஓய்ந்த பின்னர் இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, மின்தூக்கி நின்ற தொடர்மாடிகளில் மேல்மாடி முதியவர்கள் நோய் எதுவும் இல்லாமலே மீண்டும் அடைபட்டார்கள்; இணையமும் நின்றது; பட்டன் போனுக்கு மட்டும் அழைப்பு வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் புலம்பெயர்வது நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 யூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 871,000 மரணங்களுக்கு அதனோடு தொடர்பிருப்பதாகவும் கணித்திருக்கின்றது. கொரோனா இந்தத் தனிமையைப் படைக்கவில்லை. அதற்கு முன்பே இருந்ததை எல்லோருக்கும் தெரியவைத்தது.

பெற்றோரைச் சேர்க்க விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். அவர்களிடம் கேட்காமல் படிவத்தை நிரப்பாதீர்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லாததால் வேறொருவரை அமர்த்தினார்கள் என்று எண்ணிவிட்டால் அழைப்பை எடுக்கவே மாட்டார்கள். 'உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பிள்ளைக்கு விருப்பம்' என்று சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்கும்படி, அவர் என்ன தொழில் செய்தார், எதில் வல்லவர், எந்த ஊரார் என்பதைப் படிவத்தின் கடைசிப் பகுதியில் விரிவாக எழுதுங்கள். மதிய உறக்கத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் இடையிலுள்ள நேரத்தைக் கேளுங்கள். கிராமத்திலிருப்பவரானால் அயலில் நம்பிக்கையான ஒருவருடைய இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் ஞாயிறுதோறும் அழைப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து பேசும் காணொளிக்கு அப்பால், ஒருவர் மட்டும் தனியே, மருந்தைப் பற்றிக் கேட்காத ஓர் அழைப்பையும் மேற்கொண்டு பாருங்கள். விண்ணப்பித்த பின் காத்திருப்பு தற்போது இரண்டு மாதங்கள் வரை நீளுகின்றது. அதைக் குறைக்க ஒரு வழிதான் உண்டு: வாரத்தில் இரண்டு தடவை அரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய தொண்டர்கள், அதிலும் இரவு ஏழு மணிக்குப் பின் பேசக்கூடியவர்களும் மலையகத்தையும் வன்னியையும் சேர்ந்தவர்களும், முன்வர வேண்டும்.